விரிசலை இயந்திரம் சொல்லிவிடும், அதன் பிறகு?

2025 ஜூலை 9 காலை, குஜராத்தின் வதோதரா மாவட்டத்தில் மஹிசாகர் ஆற்றின் மீதிருந்த கம்பீரா பாலத்தின் ஒரு கண் அப்படியே ஆற்றுக்குள் போனது. வாகனங்களோடு விழுந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டிருந்த டேங்கர் லாரியின் படத்தை நாடே பார்த்தது. 1985-இல் திறந்த பாலம் அது, வயது 40. அதன் நிலை சரியில்லை என்று உள்ளூர்க்காரர்கள் முன்பே அதிகாரிகளிடம் எழுத்து மூலம் சொல்லியிருந்தார்கள்.

ஒவ்வொரு பாலம் விழுந்த பிறகும் இப்போது ஒரு கேள்வி வந்துவிடுகிறது. ட்ரோனைப் பறக்கவிட்டு, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு விரிசல்களை முன்கூட்டியே பிடித்துவிட முடியாதா? முடியும். அந்த வேலையைத் தொடங்கத் திண்டுக்கல் போன்ற ஒரு மாவட்டம் மிகவும் தோதான இடம் என்றே சொல்வேன். ஆனால் இதைக் கருவி வாங்கும் வேலையாக மட்டும் எடுத்துக்கொண்டால், ஓராண்டில் அந்தக் கருவி ஏதோ ஓர் அலுவலக அலமாரியில் தூசி படிந்து கிடக்கும்.

திண்டுக்கல் சமவெளி சாலைகளின் சந்திப்பு. கரூரிலிருந்து மதுரைக்குப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, திருச்சியையும் கோவையையும் இணைக்கும் 83, தேனி வழியாகக் கேரளத்துக்குள் நுழையும் 183 மூன்றும் இந்த மாவட்டத்தைத் தொட்டே போகின்றன. ஒட்டன்சத்திரம் சந்தையில் ஏற்றிய காய்கறி லாரிகள் இரவோடு இரவாகக் கேரளம் போய்ச் சேர வேண்டும். தைப்பூசத்துக்குப் பழநி நோக்கி நடக்கும் பாதயாத்திரைக் கூட்டமும் இதே பாலங்களைத்தான் கடக்கிறது. குடகனாறு, நங்காஞ்சியாறு, சண்முகா நதி, மஞ்சளாறு, நிலக்கோட்டைப் பக்கம் வைகை என்று ஆறுகளுக்குக் குறைவில்லை. ஓடைகளையும் வாய்க்கால்களையும் தாண்டும் சிறுபாலங்கள் தனிக் கணக்கு.

இந்தப் பாலங்களில் பழையவை அன்றைய வண்டிகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. 2018 ஜூலையில் மத்திய அரசு சரக்கு லாரிகளின் அச்சுகள் தாங்கலாம் என்று அனுமதித்த எடையை 20 முதல் 25 விழுக்காடு வரை உயர்த்தியது. லாரிக்காரர்களுக்கு லாபம்தான். பாலங்களிடம் யாரும் கேட்கவில்லை.

எந்த விரிசல் ஆபத்து?

கான்கிரீட்டில் விரிசல் விழுவதே குற்றம் என்று நினைக்க வேண்டியதில்லை. கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456, சாதாரணச் சூழலில் 0.3 மில்லிமீட்டர் அகலம்வரை விரிசலை ஏற்றுக்கொள்கிறது. வெள்ளைத் தாள் மூன்றை அடுக்கினால் வரும் கனம் அது. ஈரமும் மண்ணும் பட்டுக்கொண்டே இருக்கும் இடங்களில் இந்த வரம்பு 0.2 மில்லிமீட்டர்.

அகலத்தைவிட முக்கியம், விரிசல் எங்கே விழுந்திருக்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது. மேற்பரப்பில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் கான்கிரீட் காயும்போது சுருங்கியதால் வந்தவை. உத்திரத்தின் நடுப்பகுதியில் அடியிலிருந்து செங்குத்தாக ஏறுபவை பாரத்தால் உத்திரம் வளைவதால் வருபவை. மெலிதாக இருக்கும்வரை பெரிய கவலை இல்லை. தூணை ஒட்டிய பகுதியில் சாய்வாக ஏறும் விரிசல்தான் பொறியாளரின் தூக்கத்தைக் கெடுப்பது. அந்த வகை முறிவு அதிக அவகாசம் தராது. கம்பி ஓடும் போக்கிலேயே நேராக ஒரு கோடு விழுந்து, ஓரத்தில் பழுப்புக் கறை கசிந்திருந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது என்று பொருள்.

திண்டுக்கல்லில் இந்தக் கடைசி வகையைச் சற்றுக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். தோல் தொழிற்சாலைக் கழிவால் நகரைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரில் உப்பு ஏறியது ஊரறிந்த பழைய கதை. உப்பில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிவிட்டால் கம்பி துருப்பிடிக்கும் வேகம் கூடிவிடும். இது கடலோரப் பாலங்களின் கவலை என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது.

அடுத்த கேள்வி, விரிசல் நிற்கிறதா, வளர்கிறதா என்பது. பழைய பொறியாளர்கள் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைக் காரை வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதிவிட்டுப் போவார்கள். சில மாதம் கழித்து வந்து பார்க்கும்போது கண்ணாடி உடைந்திருந்தால் விரிசலுக்கு உயிர் இருக்கிறது. அதிகச் செலவில்லாத, பொய் சொல்லாத முறை. பாலம் முழுக்கக் கண்ணாடி ஒட்ட முடியாது என்பது மட்டும்தான் சிக்கல்.

இயந்திரம் எப்படிக் கற்கிறது?

ஆழ்கற்றல் என்கிற முறை இங்கேதான் உதவிக்கு வருகிறது. விரிசல் உள்ள படங்களையும் இல்லாத படங்களையும் ஆயிரக்கணக்கில் கணினிக்குக் காட்டுகிறார்கள். எது விரிசல் என்று மனிதர்கள் முன்பே குறித்து வைத்திருப்பார்கள். கணினி தப்பாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அதனுள்ளே இருக்கும் எண்கள் கொஞ்சம் திருத்தப்படுகின்றன. பல லட்சம் திருத்தங்களுக்குப் பிறகு, தான் பார்த்திராத படத்திலும் அது விரிசலை அடையாளம் காட்டுகிறது. நன்றாகப் பழக்கிய இயந்திரம் விரிசலின் மீது கோடு வரைந்து காட்டும். படம் எடுத்த தூரம் தெரிந்தால் அகலத்தையும் சொல்லும்.

மனிதக் கண் போதாதா என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 0.2 மில்லிமீட்டர் விரிசல் படத்தில் தெரிய வேண்டுமானால், படத்தின் ஒரு புள்ளி 0.1 மில்லிமீட்டரைக் காட்ட வேண்டும். 12 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படத்தின் அகலம் 4,000 புள்ளி, உயரம் 3,000 புள்ளி. அப்படியானால் ஒரு படத்துக்குள் அடங்குவது 40 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர்தான். 100 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலமுள்ள ஒரு பாலத் தளத்தின் அடிப்பக்கத்தை மட்டும் முழுதாகப் படமெடுக்க ஏறத்தாழ 6,700 படங்கள் வேண்டும். தூண்களும் உத்திரங்களின் பக்கவாட்டும் இதில் சேரவில்லை. இத்தனை படங்களை உதவிப் பொறியாளர் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால், ஐந்நூறாவது படத்திலேயே கண் சொக்கிவிடும். இயந்திரத்துக்குச் சோர்வு கிடையாது.

எச்சரிக்கை தேவைப்படுவதும் இங்கேதான். விற்பனைக்கு வருகிறவர்கள் “95 விழுக்காடு துல்லியம்” என்பார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட படத்தொகுப்பு இந்தத் துறையில் பெயர்பெற்றது. பாலத் தளம், சுவர், நடைபாதை என்று மொத்தம் 56,092 படங்கள். அவற்றில் விரிசல் உள்ளவை 8,484. எந்தப் படத்தைக் காட்டினாலும் “விரிசல் இல்லை” என்று மட்டுமே சொல்லத் தெரிந்த ஒரு மக்கு இயந்திரத்தை இந்தத் தொகுப்பில் ஓடவிட்டால்கூட, அதன் துல்லியம் ஏறத்தாழ 85 விழுக்காடு இருக்கும். ஒரு விரிசலையும் அது கண்டிருக்காது.

ஆகவே ஒப்பந்தப்புள்ளி கோரும் அதிகாரி கேட்க வேண்டிய கேள்வி வேறு. உண்மையில் இருந்த விரிசல்களில் எத்தனையைத் தவறவிட்டது? இல்லாத விரிசலை எத்தனை முறை இருக்கிறது என்றது? நூற்றுக்கு இரண்டு முறைதான் பொய்யாகக் கூவுகிறது என்று வைத்துக்கொண்டாலும், மேலே சொன்ன பாலத்தில் 130-க்கு மேற்பட்ட படங்களை ஒரு பொறியாளர் மறுபடியும் பார்த்தாக வேண்டும். அதற்கு ஆள் இருக்கிறதா?

வெளிநாட்டுப் படங்களில் படித்த இயந்திரத்துக்கு நம் ஊர்ப் பாலம் புரியாது என்பதும் உண்மை. நம் பாலங்களின் அடியில் என்ன இருக்கும்? சென்ட்ரிங் பலகையின் இடுக்கில் கசிந்து இறுகிய வரிகள், சுண்ணாம்பு ஒழுகிய வெள்ளைக் கோடுகள், உடைந்த வடிகுழாயிலிருந்து வழிந்த பாசி, நூலாம்படை, இணைப்பில் முளைத்த அரச மரத்தின் வேர். தூண்களில் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி, அதற்கு மேல் கட்சிக் கொடியின் நிறத்தில் பெயின்ட். இயந்திரம் வேரை விரிசல் என்று சொல்லும். சுவரொட்டிக்கு அடியில் இருக்கும் உண்மையான விரிசலைப் பார்க்காமல் விட்டுவிடும். நம் பாலங்களைப் படமெடுத்து, நம் பொறியாளர்கள் குறித்துக் கொடுத்து, அதைக்கொண்டு மறுபடியும் பழக்கினால் ஒழிய இந்தக் கருவியை இங்கே நம்ப முடியாது. பாலத்தூணில் சுவரொட்டி ஒட்டினால் அபராதம் என்பதைக் கொஞ்சம் கண்டிப்போடு செயல்படுத்துவதும் பாலம் காக்கும் வேலைதான்.

படம் இருந்தது, பார்க்க ஆளில்லை

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மீது ஹெர்னாண்டோ டி சோட்டோ என்ற எஃகுப் பாலம் இருக்கிறது. 2021 மே 11 அன்று வழக்கமான ஆய்வுக்குப் போனவர்கள், பாரம் தாங்கும் முக்கிய உத்திரம் ஒன்று முறியும் நிலையில் இருப்பதைக் கண்டார்கள். ஆய்வாளர் அங்கிருந்தே அவசர எண்ணை அழைத்துப் பாலத்தை மூடச் சொன்னார். மூடினார்கள். பிறகு பழைய பதிவுகளைக் கிளறியபோதுதான் விஷயம் தெரிந்தது. 2019-இல் ட்ரோன் எடுத்த வீடியோவிலேயே அந்த விரிசல் தெளிவாக இருந்தது. நடுவில் இரண்டு ஆண்டுகள் வாகனங்கள் அதன் மேல் ஓடிக்கொண்டிருந்தன. முந்தைய ஆய்வுகளில் அதைக் கவனிக்கத் தவறிய ஊழியரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

இந்தச் சம்பவத்தில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. படத்தைச் சேர்த்து வைப்பது வேறு, படிப்பது வேறு. ஆழ்கற்றல் இருந்திருந்தால் அந்த வீடியோவில் சிவப்புக் கோடு விழுந்திருக்கலாம். இரண்டாவதை நாம் அதிகம் பேசுவதில்லை. ஆபத்தைக் கண்ட ஒரு களப் பணியாளர் போன் செய்தார், பாலம் மூடப்பட்டது. கோப்பு எந்த மேசைக்கும் பயணப்படவில்லை. நம் ஊரில் ஓர் உதவிப் பொறியாளர் தன் பொறுப்பில் பாலத்தை மூடிவிட்டு மறுநாள் நிம்மதியாக அலுவலகம் வர முடியுமா?

நம்மிடமும் நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் சென்னை ஐஐடி உணரிகளைப் பொருத்தியிருந்தது. 2022 டிசம்பரில் அவை எச்சரித்ததும் ரயில்கள் நிறுத்தப்பட்டன. ராமேஸ்வரத்துக்கு நேரடி ரயில் இல்லாமல் பக்தர்களும் வியாபாரிகளும் இரண்டு ஆண்டுக்கு மேல் அவதிப்பட்டார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்த பிறகுதான் ரயில் போனது. சங்கடம்தான், ஆனால் யாரும் கடலில் விழவில்லை. திருச்சியில் 1976-இல் கட்டிய காவிரிப் பாலத்தை 2022 நவம்பரில் மூடி, பேரிங்குகளை மாற்றி, அடுத்த மார்ச்சில் திறந்தார்கள். திட்டிக்கொண்டே சுற்றிப் போன திருச்சிக்காரர்கள் இன்றும் அதே பாலத்தில் போகிறார்கள்.

கம்பீராவில் நடந்தது இதற்கு நேர் எதிர். தூணின் மேல் பாலம் உட்காரும் பீடமும் இணைப்பும் நொறுங்கியதே காரணம் என்று அந்த மாநில அமைச்சர் முதற்கட்ட விசாரணையைச் சுட்டிச் சொன்னார். சாலையில் போகிறவர் கண்ணுக்கும் சாதாரண ட்ரோனுக்கும் எளிதில் எட்டாத இடுக்கு அது. அங்கே ஓர் ஆள் ஏறிப் பார்க்க வேண்டும்.

விரிசலைவிடப் பெரிய எதிரி

இந்தியாவில் 1977 முதல் 2017 வரை விழுந்த 2,130 பாலங்களை ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் 80 விழுக்காட்டுக்குக் காரணம் வெள்ளம் உள்ளிட்ட இயற்கைச் சீற்றம். பொருள்கள் நலிந்ததால் விழுந்தவை 10 விழுக்காடுதான். விழும்போது பாலங்களின் சராசரி வயது 34.5 ஆண்டு.

அதாவது விரிசலை மட்டும் தேடுகிறவர் பத்தில் ஒரு பங்கு ஆபத்தைத்தான் தேடுகிறார். திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையின் குறுக்கே அகரம்பள்ளிப்பட்டு – தொண்டமானூர் இடையே ஏறத்தாழ 16 கோடி ரூபாயில் கட்டிய பாலம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. மூன்றே மாதத்தில் ஃபெஞ்சல் புயல் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. திருச்சி கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்து போனது. தூணைச் சுற்றி மண் அரித்துப் போனால் மேலே ஒரு கீறல்கூட இல்லாத பாலமும் நிற்காது. மணல் அள்ளிய ஆற்றில் இந்த அரிப்பு இன்னும் சுலபம்.

மழை குறைந்த மாவட்டம்தானே என்று திண்டுக்கல்காரர்கள் இருந்துவிட வேண்டாம். 1977-இல் வெள்ளம் மேலேறி வழிந்து அழகாபுரி குடகனாறு அணையே உடைந்தது. வருடம் முழுக்கக் காய்ந்து கிடந்து, ஒரே இரவில் இரு கரையும் புரளும் ஆறுதான் பாலத்துக்கு அதிக ஆபத்து. யாரும் அதை எதிர்பார்த்து விழித்திருப்பதில்லை.

காய்ந்த ஆறு தரும் வசதி

அதே காய்ந்த ஆறுதான் இங்கே பெரிய வசதியும். மஹிசாகரிலும் மிசிசிப்பியிலும் பாலத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்கப் படகோ, கை நீட்டும் தனி வண்டியோ, ட்ரோனோ வேண்டும். பாலத்துக்கு அடியில் ஜிபிஎஸ் சரியாக எட்டாததால் ட்ரோன் தடுமாறும். குடகனாற்றில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆண்டின் பெரும்பகுதி மணலில் நடந்தே போகலாம். நீளமான கம்பில் கேமராவையும் விளக்கையும் கட்டி, சீமைக் கருவேலத்தை வெட்டி வழி செய்துகொண்டு, ஒவ்வொரு கண்ணாகப் படமெடுக்கலாம். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நேர் வெளிச்சத்தில் தெரியாத மெல்லிய கீறலும் நிழல் விழுந்து தெரியும். படத்துக்குள் ஓர் அளவுகோலையும் பாலத்தின் எண் எழுதிய அட்டையையும் வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு அதே இடத்தை ஒப்பிடலாம்.

அந்த நடையிலேயே தூணின் அடியில் எவ்வளவு மண் போயிருக்கிறது என்பதை அளவு நாடாவால் அளந்து குறிக்கலாம். இதற்கு எந்த நுண்ணறிவும் வேண்டாம்.

செய்யக்கூடியவை

முதலில் மாவட்டத்தில் உள்ள எல்லாப் பாலங்களுக்கும் ஒரே பட்டியல் வேண்டும். தேசிய நெடுஞ்சாலைப் பாலங்களைக் கணக்கெடுத்து எண் கொடுக்கும் வேலையை மத்திய அரசு 2016-இல் தொடங்கியது. ஆனால் மாநில நெடுஞ்சாலைத் துறை, மாநகராட்சி, ஊராட்சி ஒன்றியம், ரயில்வே, பொதுப்பணித் துறை என்று உடைமை பிரிந்து கிடப்பதால், கிராமச் சிறுபாலம் யாருடையது என்று கேட்டால் ஒரு வாரம் அலைய வேண்டும். ஆட்சியர் தலைமையில் ஒரே பதிவேடு இருந்தால் அந்த அலைச்சல் தீரும். ஒவ்வொரு பாலத்தின் முகப்பிலும் ஒரு பலகை: கட்டிய ஆண்டு, தாங்கும் எடை, கடைசியாக ஆய்வு செய்த தேதி, பொறுப்பான அலுவலகத்தின் தொலைபேசி எண்.

ஆண்டுக்கு இரண்டு முறை படமெடுக்க வேண்டும்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆடி, ஆவணியில் ஒரு முறை, மழை ஓய்ந்து தை, மாசியில் ஒரு முறை. திண்டுக்கல்லைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இறுதியாண்டு சிவில் மாணவர்கள் படமெடுக்கவும், கணினி மாணவர்கள் இயந்திரத்தைப் பழக்கவும் இதைவிட உருப்படியான புராஜெக்ட் கிடையாது. சென்னை தரமணியில் கட்டமைப்புப் பொறியியலுக்கென்றே சிஎஸ்ஐஆர் ஆய்வு மையம் இருக்கிறது. எது விரிசல், எது கறை என்று குறித்துத் தரும் வேலையை அங்குள்ள வல்லுநர்களின் மேற்பார்வையில் செய்யலாம். முதல் ஆண்டு பத்துப் பாலங்கள் போதும். இயந்திரம் சொன்னதையும் மூத்த பொறியாளர் ஒருவர் தனியே பார்த்துச் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை தவறியது என்பதை வெளியிட்ட பிறகு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

ஜப்பானில் 2012 டிசம்பரில் சசாகோ சுரங்கச் சாலையின் கூரைப் பலகைகள் விழுந்து 9 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, 2014 முதல் எல்லாப் பாலங்களையும் சுரங்கங்களையும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை கை எட்டும் தொலைவில் நின்று பார்த்தே ஆக வேண்டும் என்று விதித்தார்கள். ட்ரோனும் ரோபோவும் பின்னால்தான் துணைக்கு வந்தன. அந்த வரிசையை நாமும் மாற்ற வேண்டாம்.

அறிக்கை வந்த பிறகு நடக்க வேண்டியதற்கு நாள் கணக்கு வேண்டும். தூணருகே சாய்வான விரிசல் என்றால் 24 மணி நேரத்துக்குள் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அன்றே கனரக வாகனங்களை நிறுத்தும் அதிகாரம் கோட்டப் பொறியாளருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். தவறான எச்சரிக்கையால் பாலம் ஒரு நாள் மூடிக் கிடந்தது என்பதற்காக அவர்மீது நடவடிக்கை வராது என்பதையும் அதே ஆணையில் சேர்க்க வேண்டும். துருப்பிடித்த கம்பிக்கும் பெயர்ந்த காரைக்கும் ஆறு மாதம், அடைத்துக்கொண்ட வடிகுழாய்க்கு ஒரு வாரம் என்று கெடு வைக்கலாம். வடிகுழாயைச் சுத்தம் செய்ய ஒரு கம்பியும் இரண்டு ஆட்களும் போதும்.

கடைசியாகப் பணம். புதுப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டும்போதே அதன் ஆய்வுக்கும் பராமரிப்புக்கும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, வேறு செலவுக்கு மாற்ற முடியாதபடி செய்யலாம். திண்டுக்கல்லில் பத்துப் பாலங்களோடு தொடங்கும் சோதனைக்கான செலவை, இந்த ஆண்டு மாவட்டத்தின் சாலைப் பராமரிப்பு ஒதுக்கீட்டிலிருந்தே எடுக்கலாம். ஆடி பிறப்பதற்குள் ஆணை வந்துவிட்டால், ஐப்பசி மழைக்கு முன் முதல் சுற்றுப் படங்கள் கையில் இருக்கும்.